தெருவில் நிற்கும் சிலுவை

எங்கள் கன்னியாகுமரிக் கடற்கரையில் ‘குருசடி’ என்றால் குழந்தைக்கும் தெரியும். தெருமுனையிலே ஒரு சிறு மேடை, அதன்மேல் சிலுவை, அடியில் மெழுகுதிரி. போர்த்துகீசியர் சொன்ன ‘குரூஸ்’ எங்கள் நாவில் குருசாயிற்று. ‘சிலுவை’ என்ற சொல்லோ சிரியாக் மொழியிலிருந்து வந்தது என்பர் அறிஞர். உரோமர் அடிமைகளை அறைந்து கொன்ற மரம், தெருவுக்குக் காவலாய் நிற்பதை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகிறது.

படிப்பதற்காக மும்பைக்கு வந்த எனக்கு, பாந்திராவின் பழைய சந்துகள் ஊரை நினைவூட்டின. அங்கும் வீட்டு வாயிலில், சந்தின் திருப்பத்தில், கடையோரத்தில் சிலுவைகள்! பல, 1896இல் பம்பாயில் புகுந்த கொள்ளைநோயின் நினைவாக எழுந்தவை. எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியே அந்நோய் தொற்றுகிறது என்பது அன்று தெளிவாகவில்லை. கைகண்ட மருந்தும் இல்லை. ‘கிழக்கிந்தியர்’ எனப்படும் அவ்வூர்ப் பூர்வீகக் கிறித்தவர்கள் சிலுவையை நாட்டி, அதனடியில் கூடி மன்றாடினர். நாட்டிய ஆண்டையும் கல்லில் பொறித்து வைத்தனர்.

சிலுவைக்குச் சூட்டியிருப்பது சாமந்தி மாலை. பிள்ளையாருக்குச் சூட்டும் அதே மாலை! காய்கறிக் கூடையை இறக்குமுன் மராட்டிய மூதாட்டி ஒருவர் மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதையும் கண்டிருக்கிறேன். அவர் எம்மதத்தவர் என்று நான் கேட்கவில்லை. கேட்பதும் அழகன்று.

ஆனால், நகரம் பெருகப் பெருகச் சிலுவைக்கு இடம் சுருங்குகிறது. பொதுவிடங்களில் அனுமதியின்றிப் புதிய வழிபாட்டிடம் எழக்கூடாது, பழையவற்றைத் தனித்தனியே ஆராய வேண்டும் என 2009இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதில் குற்றங்காண என்னால் இயலவில்லை. இன்று மேடை கட்டி நாளை உண்டியல் வைப்போர் எல்லா மதத்திலும் உண்டல்லவா? எனினும் 2017இல் பாந்திராவில் பழைய சிலுவையொன்றை மாநகராட்சி இடித்தபோது மக்கள் கொதித்தெழுந்ததில் நியாயம் இருந்தது. மாட்டுவண்டி போன நாளில் நாட்டியதைப் பின்னர் வந்த மோட்டாருக்கு இடையூறு என்பது என்ன கணக்கு? ஆண்டு கல்லிலேயே இருக்கும்போது, இடிக்குமுன் படித்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா, நண்பர்களே?

மே மாத மாலைகளில் தெருவார் சிலுவையடியில் கூடிச் செபமாலை சொல்லுவர். தொலைவிலுள்ள அடுக்குமாடிகளுக்குக் குடிபோனவர்களும் அன்று பழைய சந்துக்கு வந்துவிடுகின்றனர். செபம் முடிந்ததும் அவித்த கடலை வழங்குவார்கள். நம்மூர்ச் சுண்டலேதான்! வேடிக்கை பார்த்து நின்ற என் கையிலும், ஊர் பேர் கேளாமலே, ஒரு பிடி விழுந்தது.