மாவு வைத்திருந்த ஃபிரிட்ஜ்

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் கோபம் வந்தால், முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வருடம் மே மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அமெரிக்காவில் ஓரிகான் மாநிலம், போர்ட்லாந்துக்குப் பக்கத்தில் ஹில்ஸ்போரோ. இது நான்காவது தடவை. போன மறுநாளே வழக்கம்போல அரிசி உளுந்து ஊறப்போட்டு, ஆட்டி, ராத்திரி புளிக்க வைத்து, காலையில் பெரிய தூக்கை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பழைய ஃபிரிட்ஜ் இருக்கிறது. மேலே ஃப்ரீசர், கீழே பெரிய கதவு. வீட்டுக்குள் புதுசு வந்ததும் இதை ஷெட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். நான் அங்கே இருக்கும் மாதங்களில் அது என் ஃபிரிட்ஜ். மாவு, கறிவேப்பிலை, துருவிய தேங்காய் எல்லாம் அதில்தான்.

திறந்தால் உள்ளே ஒரு தட்டுகூட இல்லை. காய்கறி டப்பா இல்லை. கதவில் இருந்த முட்டைத் தட்டைக்கூடக் கழற்றியிருந்தது. வெறும் கூடு. பக்கத்தில் தரையில் இரண்டு ஸ்டீல் உருளைகள், பால் கேன் மாதிரி, ஆனால் ஒல்லியாக இரண்டடி உயரத்துக்கு.

மாப்பிள்ளையைக் கேட்டேன். "அது வந்து... அத்தை..." என்று இழுத்தார். பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பவர், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த ஐந்தாம் வகுப்புப் பையன் மாதிரி நின்றார். மகள்தான் சொன்னாள். "அம்மா, அவர் வீட்லயே பீர் காய்ச்சுறார். இந்த ஃபிரிட்ஜ்ல குழாய் வைக்கப் போறார்."

தூக்கோடு திரும்பி வந்துவிட்டேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் பேசாமல் வந்தேன் என்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் இளம்பிள்ளை பக்கம். அப்பா தறி ஓட்டினார். 1937-ல் ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்கு கொண்டுவந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். நான் பிறந்து வளர்ந்த காலத்தில் கடை என்று ஒன்று கிடையாது. 1971-ல் கடைகளைத் திறந்தார்கள். அப்போது நான் எட்டாம் வகுப்பு. அதுவரை சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு பக்கோடாப் பொட்டலம் வாங்கி வந்த அப்பா, அதற்குப் பிறகு பொட்டலம் இல்லாமல் வந்தார். அப்புறம் கூலியும் இல்லாமல் வந்தார். அம்மா காசைக் கேழ்வரகுப் பானைக்குள் ஒளித்து வைப்பார். அப்பா பானையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடுவார். கொட்டிய ராகியை நானும் தம்பியும் அள்ளுவோம். இரண்டு மூன்று வருடத்தில் கடைகளை மூடினார்கள். அப்பா மாறவில்லை. எப்படியோ எங்கிருந்தோ கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. இதற்கு மேல் எழுத வேண்டாம்.

அன்று ராத்திரி மகளிடம் கேட்டேன், எத்தனை நாளாக என்று. "நாலு வருஷமாம்மா" என்றாள். அப்படியானால் நான் போன தடவை வந்தபோதும், அதற்கு முந்தின தடவையும்? "நீ வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்து பக்கத்து வீட்டு ஷெட்ல வச்சிருவோம். நீ போனதும் எடுத்துட்டு வருவோம். இந்தத் தடவை அவர் மாட்டேன்னுட்டார். அத்தைகிட்ட இன்னும் எத்தனை வருஷம் திருட்டுத்தனம் பண்றதுன்னு."

மூன்று நாள் ஷெட் பக்கம் போகவில்லை. மாவை வீட்டு ஃபிரிட்ஜில் பாலுக்கும் கீரைக்கும் நடுவே திணித்து வைத்தேன்.

நான்காம் நாள் அரிசி டிரம்மில் அடிவரை கைவிட்டபோது துண்டில் சுற்றிய ஏதோ தட்டுப்பட்டது. பிரித்தால் கண்ணாடிக் குழாய். பள்ளியில் பால்மானி வைத்திருப்போமே, அதே வடிவம். பீர் காய்ச்சும்போது சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று மிதக்கவிட்டுப் பார்க்கிற கருவி. போன தடவை நான் வந்தபோது அவசரத்தில் ஒளித்து வைத்து மறந்துபோயிருக்கிறாள். அரிசிக்குள். என்னிடமிருந்து.

அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை டிரில் மெஷினைத் தூக்கிப் பிடித்தபடி ஃபிரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "ஐயையோ, ஓட்டை போடாதீங்க மாப்பிள்ளை! கேஸ் போயிரும்!" என்று கத்திவிட்டேன். எனக்கு அனுபவம். எங்கள் வீட்டு முதல் ஃபிரிட்ஜில் ஐஸைக் கத்தியால் குத்தப்போய், உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அரை மாதச் சம்பளம் மெக்கானிக்குக்குப் போனது.

அவர் சிரிக்கவில்லை. டிரில்லைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். குளிரூட்டும் வாயு ஓடும் குழாய்கள் பக்கச் சுவருக்குள் மறைந்திருக்கலாம், அதனால் அங்கே கை வைக்கக்கூடாது. கதவில் தகரம், நுரைப் பஞ்சு, பிளாஸ்டிக் மட்டும்தான், அதனால் பீர் குழாய்க்குக் கதவில்தான் ஓட்டை. நான் டார்ச் பிடித்தேன். ஓர் அங்குல அகலத்துக்கு வட்டமாக வெட்டி எடுத்தார். அதில் ஒரு கனத்த குழாய்த் துண்டைச் செருகி முடுக்கி, வெளியே திருகுக் குழாய், உள்ளே பிளாஸ்டிக் டியூப்.

மீதி வேலை சுலபம். அந்த ஸ்டீல் உருளைகள் முதலில் குளிர்பானக் கம்பெனிகளுக்காகச் செய்தவையாம். கம்பெனிகள் வேறு முறைக்கு மாறியதும், கழித்துக்கட்டிய உருளைகளை வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒன்றில் ஐந்து கேலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர் பிடிக்கும். கூடவே கார்பன் டை ஆக்சைடு அடைத்த சின்ன சிலிண்டர், அதன் தலையில் ரெகுலேட்டர். வாயு ஒரு டியூப் வழியாக உருளைக்குள் போய் பீரை அழுத்தும். பீர் இன்னொரு டியூப் வழியாகக் குழாய்க்கு வரும். ஃபிரிட்ஜ் மூன்று நான்கு டிகிரி, வாயு அழுத்தம் 10, 12 பி.எஸ்.ஐ. அப்படியே ஒரு வாரம் விட்டால் வாயு பீருக்குள் கரைந்து பொங்குகிற தன்மை வந்துவிடும். நீர் குளிரக் குளிர வாயு அதிகம் கரையும் என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! சோடாவைத் தவிர வேறு உதாரணம் சொன்னதில்லை.

காய்ச்சுகிற விதத்தையும் கேட்டேன். முளைகட்டிய பார்லிச் சாற்றைக் கொதிக்கவைத்து, ஹாப்ஸ் என்கிற பூவைச் சேர்த்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு இரண்டு வாரம் மூடி வைப்பது. ஹாப்ஸ் அந்த ஊர்ப் பயிர். வில்லமெட் பள்ளத்தாக்கில் கொடியாக விளைகிறது. கோழித் தீவனம் மாதிரி பச்சை உருண்டைகளாக விற்கிறார்கள். கசக்கி முகர்ந்தால் சாத்துக்குடித் தோல் வாசனை. இதில் கேஸ்கேட் என்று ஒரு ரகம் 1972-ல் அங்கேயே கார்வாலிஸில் உருவாக்கி வெளியிட்டது. இதையெல்லாம் சொல்லும்போது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் இவ்வளவு பேசியதே இல்லை.

அங்கே இது சட்டப்படி குற்றமில்லை. 1933-ல் மதுவிலக்கு போனபோது வீட்டில் ஒயின் செய்ய வழி விட்டவர்கள் பீரை விட்டுவிட்டார்கள். 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் பீருக்கும் அனுமதி. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை. விற்கக்கூடாது. நம் ஊரில் இன்றும் 1937-ம் வருடச் சட்டம்தான், வீட்டில் செய்தால் குற்றம். தம்பிகள் யாரும் இதைப் படித்துவிட்டு ஆரம்பித்துவிடாதீர்கள்.

மாட்டிய மறுநாளே சிலிண்டர் காலி. எங்கேயோ கசிவு. மாப்பிள்ளை கைபேசியில் தேடிக்கொண்டிருந்தார். நான் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கி எடுத்துக்கொண்டு போனேன். கேஸ் சிலிண்டர் மாட்டிய எந்தத் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கும் தெரிந்த வித்தைதான். ஒவ்வொரு இணைப்பாகத் தடவியதும் உருளையின் மூடிக்கடியில் குமிழ் குமிழாக வந்தது. ரப்பர் வளையம் நசுங்கியிருந்தது. "அத்தை, நீங்க இல்லேன்னா இன்னொரு சிலிண்டரும் போயிருக்கும்" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. பீர் ஃபிரிட்ஜைப் பழுது பார்த்ததற்குச் சந்தோஷப்படுகிறோமே என்று அப்புறம் சங்கடமாகவும் இருந்தது.

முதல் தடவை திறந்தபோது தம்ளர் முழுக்க நுரை. டியூப் நாலடிதான் இருந்தது. மெல்லிய டியூபாகப் பத்தடிக்கு மாற்றிச் சுருட்டி வைத்ததும் சரியாகிவிட்டது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் நீளமானால் வேகம் குறையுமே, அதே கதை. அழுத்தம் வழியிலேயே தேய்ந்துபோகிறது.

ஆறு வயதுப் பேரன் கை எட்டுகிற உயரத்தில் இருந்தது குழாய். பூட்டு போட்டால்தான் ஆச்சு என்று நின்றேன். பீர் குழாய்க்கென்றே பூட்டு விற்கிறார்கள். வாங்கி மாட்டினார்.

ஆனால் எனக்குள் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. பாட்டில் என்றால் எண்ணலாம். காலையில் குப்பைத் தொட்டியைப் பார்த்தால் தெரிந்துவிடும். குழாயை எப்படி எண்ணுவது? ஒருநாள் இதை மாப்பிள்ளையிடம் கேட்டே விட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "சந்தேகமா இருந்தா எடை போட்டுப் பாருங்கத்தை. காலி உருளை நாலு கிலோ. முழுசா இருந்தா இருபத்துமூணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மருமகனிடம் கேட்கிற கேள்வியா அது? கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது. தெரிந்தும், மூன்று வாரம் கழித்து வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், எடை பார்க்கும் மெஷினை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். உருளையைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தேன். அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மகள் கடையிலிருந்து வந்துவிட்டாள்.

"அம்மா, அவர் தாத்தா இல்லம்மா."

"உங்க தாத்தாவும் முதல்ல இப்படித்தான் கண்ணு இருந்தார்."

அவள் ஒன்றும் பேசவில்லை. டியூப்களைக் கழற்றினாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி மெஷின்மேல் வைத்தோம். 14 கிலோ. ஒன்பது லிட்டர் போயிருக்கிறது. நடுவில் ஒரு சனிக்கிழமை ஆறு நண்பர்கள் வந்திருந்தார்கள். அது அதிகமா, குறைவா? எனக்குத் தெரியவில்லை. அப்பாவைத் தவிர வேறு அளவுகோல் என்னிடம் இல்லை. மகள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. திரும்பத் தூக்கி வைத்தோம்.

அவள் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை அவர் என்னிடம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி டிரில் சத்தம். போய்ப் பார்த்தேன். ஃபிரிட்ஜின் அடியில் பின்பக்கம், கம்ப்ரசருக்கு மேலே, உள்ளே ஒரு படிக்கட்டு மாதிரி மேடு இருக்கும். அதுவரை வாயு சிலிண்டர் அந்த மேட்டில்தான் இருந்தது. கதவில் இன்னொரு சின்ன ஓட்டை போட்டு வாயு டியூபை அதன் வழியே விட்டு, சிலிண்டரை வெளியே சுவரோடு சங்கிலி போட்டு நிறுத்திவிட்டார். மேடு காலி.

"உங்க தூக்கு சரியா உக்காருது அத்தை. அளந்துட்டேன்."

அன்றிலிருந்து ஊருக்குக் கிளம்பும்வரை மாவு அங்கேதான். ஒரே தொல்லை, கதவைத் திறக்கும்போது குழாயும் கூடவே வருகிறது. மெதுவாகத் திறக்க வேண்டும். ஒருநாள் காலையில் யாரோ பூட்ட மறந்திருக்கிறார்கள். என் முழங்கை கைப்பிடியில் பட்டு, சர்ரென்று தரையெல்லாம் பீர். பேரன், "அம்மாயி பீரைக் கொட்டிட்டாங்க" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினான். எல்லோரும் தூக்கத்தில் இருந்தார்கள். துணியை எடுத்து நான்தான் துடைத்தேன். குனியும்போது, அப்பா வாடை வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம்தான் பிடிப்பது? விட்டு இழுத்தேன். ரொட்டிக் கடை வாசனைதான் வந்தது.