காட்டுமாட்டுக்கு எந்த இடம் தோது? மங்கலத்திலிருந்து சின்னாறு வரை

மங்கலத்து வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தார். தறி ஓட்டுகிறவர், வீட்டில் நான்கு உருப்படி மாடும் வைத்திருக்கிறார். உடுமலை வழியாக மூணாறுக்கு பைக்கில் போனபோது ரோட்டோரம் காட்டெருமைக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறார். "அது எருமை இனமா, மாட்டு இனமா? அந்த வறண்ட காட்டில் அவ்வளவு பெரிய உருப்படிக்குத் தீனி எப்படிப் போதும்?" என்பது அவர் கேள்வி. இரண்டாவதற்கு நேரில் பார்க்காமல் எழுத மனம் வரவில்லை. மங்கலத்திலிருந்தே கிளம்பினேன்.

பல்லடம் தாண்டும்வரை தறிச் சத்தம் கூடவே வந்தது. பிறகு கறிக்கோழிப் பண்ணைகள், மக்காச்சோளம், தென்னந்தோப்பு. இந்தப் பக்கம் ஓடும் பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணீர் ஆனைமலையிலிருந்து வருவது. உடுமலையைக் கடந்ததும் அந்த மலை கண்ணெதிரே வந்துவிடுகிறது. ஒன்பதாறு செக்போஸ்ட்டுக்கு அப்பால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் நம் திருப்பூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. பனியன் ஊர் என்று பேர் வாங்கிய மாவட்டத்தில் புலியும் யானையும் இருப்பது நம்மில் பலருக்கு ஞாபகமே இருப்பதில்லை.

முதல் கேள்விக்கு விடை சுலபம். அது எருமை அல்ல, மாட்டு இனம். கன்னங்கரேல் என்றிருப்பதால் காட்டெருமை என்ற பேர் ஒட்டிக்கொண்டது. பழந்தமிழில் 'ஆமா' என்றார்கள், அதுவே சரியான பேர். வளர்ந்த காளை 1,000 கிலோ வரை எடை வரும். முட்டிக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கும். நம் பசுவைப் போலவே சினைக்காலம் 9 மாதம்.

ஆனால் காங்கேயம் மாட்டுக்கு இது தாத்தா அல்ல, பங்காளி. உலகத்து வீட்டு மாடுகளுக்கெல்லாம் மூதாதையான ஆரக்ஸ் என்ற காட்டுமாடு அடியோடு அழிந்துவிட்டது. கடைசி ஆரக்ஸ் போலந்து நாட்டில் 1627இல் செத்தது. கம்போடியாவின் கூப்ரே என்ற காட்டுமாட்டைப் பல பத்தாண்டுகளாக யாரும் பார்க்கவில்லை. நம் எருமைகளின் மூதாதையான காட்டு நீரெருமை இந்தியாவில் அசாம், சத்தீஸ்கர் பக்கம்தான் மிஞ்சியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆமாவுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. வராமல் பார்த்துக்கொள்ளத்தான் அதற்குத் தோதான இடம் எது என்று வரைபடம் போடுகிறார்கள்.

வரைபடம் போடும் விதம் நமக்குப் புரியாத வித்தை அல்ல. சாணம், குளம்படி கிடந்த இடங்களையும் மாட்டை நேரில் பார்த்த இடங்களையும் ஜி.பி.எஸ். கருவியில் குறிக்கிறார்கள். அந்த இடங்களில் தண்ணீர் எவ்வளவு தூரம், சரிவு எப்படி, பசுமை எவ்வளவு, ரோடும் ஊரும் எவ்வளவு கிட்டம் என்று சேர்க்கிறார்கள். பசுமையை செயற்கைக்கோள் படம் சொல்லும். இதே அமைப்பு வேறெங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தேடி வண்ணம் தீட்டிக் கொடுக்கிறது. கொறங்காட்டைக் குத்தகைக்குப் பேசப் போகும் காங்கேயத்துக்காரர் கொழுக்கட்டைப்புல் எத்தனை மாதம் நிற்கும், வெள்வேல் நிழல் உண்டா, தொட்டியில் தண்ணீர் உண்டா, கிளுவை வேலி சரியா என்று பார்ப்பாரே, அதே கணக்குத்தான்.

கோளாறு வேறு இடத்தில். என்னோடு நடந்த வேட்டைத் தடுப்புக் காவலர் மலைக் கிராமத்துக்காரர். ஒரு சரிவைக் காட்டினார். பச்சைப் பசேல் என்று இருந்தது. "தூரத்துல பார்த்தா மேய்ச்சக்காடுன்னு நெனப்பீங்க. அத்தனையும் உண்ணிச்செடிங்க. மாடு வாய் வைக்காது, உள்ள நுழையவும் முடியாது" என்றார். செயற்கைக்கோளுக்குக் கொழுக்கட்டைப்புல்லும் பச்சை, உண்ணிச்செடியும் பச்சை. தரையில் நடந்து சரிபார்க்காத வரைபடம் களையைப் பயிர் என்று கணக்கெழுதிவிடும்.

இன்னொன்று, ரோட்டோரம் கண்ணில் பட்டதை மட்டும் குறித்தால் மாடு ரோட்டோரத்தில்தான் வாழ்கிறது என்று படம் சொல்லும். வரப்போரத்து மண்ணை மட்டும் எடுத்து மண் பரிசோதனைக்கு அனுப்பிய கதைதான்.

சின்னாறு பக்கம் மழை மறைவுப் பகுதி, முள்காடு. கோடையில் புல் கருகிவிடும். ஆமா அப்போது தழை, மூங்கில் குருத்து, பட்டை என்று மாறிக்கொள்கிறது, உயரத்துச் சோலைப் பக்கம் ஏறுகிறது, ஆற்றோரத்து நீர்மருது நிழலுக்கு இறங்குகிறது. வாசகரின் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். ஒரே இடத்தில் தீனி போதாது, இடம் மாறிப் போக வழி இருந்தால் போதும். அந்த வழி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்து பாந்தவ்கர் சாட்சி. பெரிய காடு, புலிகளும் நிறைய, ஆனாலும் 1990களில் அங்கே காட்டுமாடு அற்றுப்போனது. பருவத்துக்கு ஏற்ப மாடுகள் போய்வந்த பக்கத்துக் காடுகளோடு தொடர்பு அறுந்ததை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். 2011, 2012 ஆண்டுகளில் கன்ஹா காட்டிலிருந்து 50 உருப்படிகளை லாரியில் ஏற்றிவந்து மறுபடி குடியேற்ற வேண்டியிருந்தது. இருப்பதைக் காப்பது அதைவிட எத்தனையோ மலிவு.

எந்த வண்ணப் படத்திலும் ஏறாத இன்னொரு விஷயம் நோய். 1968இல் முதுமலை, பந்திப்பூர் பக்கம் வெக்கை நோய் புகுந்து காட்டுமாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அது வீட்டு மாட்டோடு பொதுவான நோய். தடுப்பூசியால் வெக்கையை உலகத்திலிருந்தே ஒழித்து, 2011இல் அறிவித்தும் விட்டார்கள். ஆனால் கோமாரியும் அடைப்பானும் இன்னும் இருக்கின்றன. நம் மாடு குடித்த குட்டையில் ஆமாவும் குடிக்கிறது. காடு எவ்வளவு தோதாக இருந்தாலும் அடிவாரத்துப் பட்டியில் கோமாரி இருந்தால் பிரயோஜனமில்லை.

அமராவதி அணையைச் சுற்றியும் மலையடிவாரம் நெடுகவும் மாடு வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்நடைத் துறை இலவசமாகப் போடுகிறது, மேய்ச்சலுக்குப் போகும் ஒரு உருப்படியையும் விடாதீர்கள். வாயில் புண்ணோ நொண்டலோ தெரிந்தால் ஆறும்வரை கட்டுத்தறியிலேயே தீனி, தண்ணீர் காட்டுங்கள். மாடு திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலோ வாயிலோ ரத்தம் கசிந்தால் அறுக்கவோ தோலை உரிக்கவோ கூடாது. அது அடைப்பானாக இருக்கலாம், மனிதரையும் கொல்லும். உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லி, அவர் மேற்பார்வையில் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். காட்டுக்குள்ளோ ஓடையிலோ மட்டும் இழுத்துப் போட்டுவிடாதீர்கள்.