வால்பாறை போகும் வழியில்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோ மீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் சாலை மலை மேல் ஏறத் தொடங்கிவிடுகிறது. அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள் 40. எத்தனையாவது வளைவு என்று ஒவ்வொன்றிலும் பலகை நட்டிருக்கிறார்கள். பிரயாணிகளின் சௌகரியத்துக்காகவே செய்த ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால், வண்டி ஏற மறுக்கும் சமயத்தில் "9/40" என்ற பலகையைப் பார்க்கிறவனுடைய மனோநிலையை, அதை நட்ட புண்ணியவான்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

என் சித்தி வால்பாறைக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தன் பிள்ளையோடு இருக்கிறாள். அவளுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறதென்று டெலிபோனில் செய்தி வந்தது. அம்மாவுக்கு வயது 80. "அவளுக்கு என் முகம் தெரிகிறபோதே அழைத்துக்கொண்டு போய்விடடா" என்றாள். பஸ்ஸில் மூன்று மணி நேரம் உட்கார அவளுடைய முழங்கால் இடங்கொடாது. வாடகை வண்டி பிடித்திருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். வீட்டு வாசலில் பத்து வருஷத்து டீஸல் கார் ஒன்று நிற்கும்போது, வாடகை வண்டி பிடிக்க யாருக்கு மனம் வரும்?

முதல் தடவை புறப்பட்டபோது ஐந்தாவது வளைவோடு திரும்பி விட்டோம். சமவெளியில் சமர்த்தாக ஓடிய வண்டி, ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சோர்ந்து போயிற்று. மலை மேல் காற்று லேசானது, ஆகையால் யந்திரத்துக்கு மூச்சு வாங்குகிறது என்று நான் அம்மாவுக்கு ஒரு சாஸ்திரீய விளக்கம் கொடுத்தேன். சுமார் 3,500 அடி உயரத்திலுள்ள வால்பாறையிலேயே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குதான் குறையும். ஐந்தாவது வளைவில் அது கூட இல்லை. அம்மாவுக்கு இந்தக் கணக்குத் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். காற்று வடிகட்டியையும் டீஸல் வடிகட்டியையும் மாற்றினார்கள். பிறகு ஒரு கருவியைச் செருகிப் பார்த்து, "டர்போவில் அழுத்தம் போதவில்லை; டர்போவையே மாற்ற வேண்டும். அறுபதாயிரம் ரூபாய் ஆகும்" என்றார்கள். அது வரை மெதுவாக ஓட்டலாம் என்றும் அபயம் அளித்தார்கள்.

டர்போ என்பது அதிசயமான சாதனம். புகையாக வீணே வெளியேறும் வாயுவின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதன் பலத்தால் வெளிக்காற்றை அமுக்கி யந்திரத்துக்குள் செலுத்துகிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் கூட அது சுழலும். சுவிட்சர்லாந்து தேசத்து ஆல்பிரட் பூக்கி என்னும் என்ஜினீயர் 1905-ல் இதற்குப் பேடண்ட் வாங்கினார். ஆனால், அறுபதாயிரம் ரூபாய் என்று கேட்டவுடன் பூக்கியின் பேரில் எனக்கிருந்த மரியாதை சற்றுக் குறைந்துவிட்டது.

மறு வாரம் மறுபடியும் புறப்பட்டோம். ஒன்பதாவது வளைவை அடைந்தபோது வண்டி நடையை விட மெதுவாக ஊர்ந்தது. பின்னால் கரும்புகை. ஓரமாக நிறுத்தினேன். அந்த இடத்திலிருந்து ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் காலடியில் தெரிகிறது. தடுப்புச் சுவரின் மேல் இரண்டு வரையாடுகள் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தன. செங்குத்துப் பாறையில் தாவி ஏறும் அந்தப் பிராணிகள் எங்களைப் பற்றி என்ன நினைத்தனவோ!

தேயிலை மூட்டைகளுடன் இறங்கி வந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "மிதிக்கறப்ப என்ஜின் மட்டும் வேகமாச் சுத்துதுங்களா?" என்று கேட்டார். இல்லை, அதுவும் சேர்ந்தே சோர்கிறது என்றேன். "அப்படீன்னா கிளட்ச் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, என் அருகில் ஏறிக்கொண்டு கண்ணாடிகளை எல்லாம் இறக்கச் சொன்னார். பத்தாவது வளைவு வரையில் ஓட்டினேன். அவர் பேசவே இல்லை. ஆக்ஸிலேட்டரை ஆழ மிதித்த ஒவ்வொரு தடவையும், சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல் "புஸ்" என்று ஒரு சப்தம் கேட்டது. ஒரு வாரமாக என் காதிலும் விழுந்த சப்தந்தான். காற்றாடியின் சப்தம் என்று எண்ணியிருந்தேன்.

மூடியைத் திறந்து, சூடு ஆறும் வரை காத்திருந்தார். பிறகு, டர்போ அமுக்கிய காற்றைக் கொண்டு போகும் ரப்பர்க் குழாயை விரலால் தடவிக்கொண்டே போய், நுனியில் ஓரிடத்தில் நிறுத்தினார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது. பட்டைக்கு அடியில் அரை அங்குல நீளத்துக்கு ஒரு கிழிசல். வண்டி நிற்கும்போது குழாயில் அழுத்தம் இல்லை. கிழிசல் உதடுகளை மூடிக்கொண்டு சாதுவாக இருக்கும். பாரம் இழுக்கும்போது குழாய் உப்பும், கிழிசல் வாயைத் திறக்கும், யந்திரத்துக்குச் சேர வேண்டிய காற்று தெருவிலே போகும். காற்றுக்குத் தக்கபடி அளந்து விட்ட டீஸல் பாதி வெந்து கரும்புகையாகும். கருவி சொன்னது பொய்யல்ல, அழுத்தம் குறைவுதான். ஏன் குறைந்தது என்பது அதற்குத் தெரியாது. நின்ற இடத்திலேயே நாடி பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை.

"நிக்கறப்ப நோவே இல்லீங்க, ஏர்றப்பத்தான் நோவு" என்றார் டிரைவர். நல்லவேளையாகக் கிழிசல் நுனியில் இருந்தது. கத்தியால் அந்த ஓர் அங்குலத்தை அறுத்தெறிந்து, மிச்சத்தை இழுத்துச் செருகிப் பட்டையை முறுக்கினார். "ஊருக்குப் போனதும் புதுக் குழாய் போட்டுருங்க. இது நம்பி ஓட்டறதுக்கு இல்லீங்க" என்று எச்சரித்தார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. அம்மா கொடுத்த நாலு முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டு, தம் லாரியை நோக்கிக் கீழே நடந்தார். (அடுத்த வாரம் புதுக் குழாய் போட்டேன். இரண்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று.)

அப்புறம் பலகைகளைக் கவனிக்கவே தோன்றவில்லை. அட்டகட்டி வந்தது, மூடுபனி வந்தது, தேயிலைச் சரிவுகள் வந்தன. நாலு மணிக்குத் தோட்டத்து வீட்டின் முன் நிறுத்தினேன். சித்தி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா தடியை ஊன்றிக்கொண்டு அருகில் போய், ஒன்றும் பேசாமல் நின்றாள். சித்தி முகத்தை நிமிர்த்திச் சற்று நேரம் பார்த்தாள்.

"என்ன அக்கா, இப்படி இளைத்து விட்டாய்!" என்றாள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "தெரிகிறதடா அவளுக்கு" என்றாள்.