பரணுக்கு ஒரு ஸ்பீக்கர்

ஜேபிஎல் கோ 3 ஸ்பீக்கரின் எடை 209 கிராம். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஐபி67 தரம். அதில் 6 என்றால் தூசி உள்ளே போகாது; 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். இப்படியொரு பொருளை வடிவமைப்பவர்கள் யாரை மனதில் வைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது சுலபம். வார இறுதியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஆகாய கங்கைக்குப் படியிறங்கும் என்னைப் போன்ற ஆளைத்தான்.

வளப்பூர் நாட்டில் நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியவருக்கு அருவியெல்லாம் பொருட்டில்லை. அறப்பளீசுவரர் கோயிலைத் தாண்டி அவருக்கு மரவள்ளிக் காடு இருக்கிறது. ஸ்பீக்கரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பன்னி வெரட்ட ஆவுமா?" என்று கேட்டார்.

அன்று ராத்திரியே பரண்மேல் வைத்து முழுச் சத்தத்தில் ஒரு உறுமிப் பாட்டைப் போட்டோம். வீட்டுக்குள் அதிர்ந்த பாட்டு அங்கே பொசுக்கென்று சுருங்கிவிட்டது. திறந்தவெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் போய்விடும். 64 மீட்டர் தள்ளிப் போனால் 36 டெசிபல் காலி. 110 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த டப்பா இறங்காது என்பதால் உறுமியின் அடிநாதமும் மெலிந்திருந்தது. காட்டின் மறுகோடியில் நின்று கேட்டால் பாட்டா, பூச்சிச் சத்தமா என்றே தெரியவில்லை.

பேட்டரி 5 மணி நேரம். ஒன்பதுக்குப் போட்டால் ரெண்டுக்கு அணையும். "அது வர்றதே ரெண்டுக்கு மேலதான்" என்றார். ஒரே சத்தம் தினமும் கேட்டால் பன்றிக்கும் பழகிவிடும்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கருவிகளாகத் தழல், தட்டை, குளிர் என்று பெயர்கள் வருகின்றன. அவற்றுக்குப் பேட்டரி கிடையாது. கையால் இயக்க வேண்டும். அதற்கு ஆள் விழித்திருக்க வேண்டும். பெரியவர் இன்றும் தகர டப்பாவைத் தட்டித்தான் பன்றி விரட்டுகிறார். சத்தம் போதுகிறது. சிக்கல் விழித்திருப்பதில்தான்.

"பன்னி கெடக்கட்டும் தம்பி. ராமுச்சூடும் ஒத்தையில உக்காந்திருக்கணும். எனக்குத் தொணைக்கு ஆவுமா?"

இந்தக் கேள்விக்கு ஸ்பீக்கர் நன்றாகவே பதில் சொன்னது. ரெண்டடி தூரத்தில், கால்வாசிச் சத்தத்தில், மனிதக் குரல் அவ்வளவு தெளிவு. சத்தத்தைக் குறைத்தால் பேட்டரியும் கூடுதலாக நிற்கும். ஆனால் இதில் மெமரி கார்டு போட இடமில்லை, எஃப்எம் இல்லை, பக்கத்தில் எப்போதும் ஒரு போன் வேண்டும். அவருடைய தெருக்கூத்துப் பதிவுகள் எல்லாம் ஒரு மெமரி கார்டில் இருக்கின்றன. போனை ராத்திரியில் அவசரத்துக்கென்று சார்ஜ் மிச்சம் பிடித்து வைத்திருக்கிறார்.

ஆகவே பரணுக்கு இது வேண்டாம் என்றேன். பரணுக்குக் கூரை இருக்கிறது, ஐபி67க்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. மெமரி கார்டு, எஃப்எம், விடியும்வரை நிற்கும் பேட்டரி இருக்கிற மலிவான ஒன்று போதும்.

"டார்ச்சும் சேந்தாப்புல இருக்குமா?" என்றார்.

இருக்கும் ஐயா.