யூரியெவ்-பொல்ஸ்கி: இடம் மாறிய சிற்பங்கள்

மாஸ்கோவுக்கு வடகிழக்கே விளாதிமிர் மாநிலத்தில், காடுகளுக்கு நடுவே திறந்து கிடக்கும் வளமான வயல்வெளியில், கொலோக்ஷா ஆற்றங்கரையில் இருக்கிறது யூரியெவ்-பொல்ஸ்கி. 1152இல் இளவரசர் யூரி தோல்கருக்கி நிறுவிய ஊர். இன்று அதே பெயருள்ள வட்டாரத்தின் தலைமையிடம். அவருடைய பேரன்கள் ஆட்சிக்காகத் தங்களுக்குள் மோதிய 1216ஆம் ஆண்டு லீபித்ஸா போர் இதன் அருகில்தான் நடந்தது.

பழைய மண் அரணுக்குள் நிற்கும் புனித ஜார்ஜ் பேராலயத்தை, 1230 முதல் 1234 வரை வெண்சுண்ணாம்புக் கல்லால் எழுப்பியவர் அந்தப் பேரன்களில் ஒருவரான ஸ்வியாதஸ்லாவ். மங்கோலியர் படையெடுப்புக்குச் சற்று முந்திய இந்தக் கோயிலில் வெற்றுச் சுவரே இல்லாதபடி செதுக்கினார்கள். புடைத்து நிற்கும் உருவங்களைத் தனிக் கற்களில் முதலில் செதுக்கிச் சுவரில் பதித்தார்கள். கொடியும் இலையுமான மெல்லிய வேலைப்பாட்டைச் சுவர் எழுந்த பிறகு, கல்லிடுக்குகளைத் தாண்டி ஓடும்படி செதுக்கினார்கள்.

நேரம் குறைவாக உள்ளவர்கள் வடக்கு வாசலுக்கு மட்டும் போனாலும் போதும். வளைவின் மேலே போர்க்கவசம் அணிந்த புனித ஜார்ஜ் நிற்கிறார். குதிரையும் இல்லை, காலடியில் நாகமும் இல்லை. ஒரு கையில் ஈட்டி, மறு கையில் கேடயம். கேடயத்தில் பாயும் சிறுத்தை. அவரைச் சுற்றிய சுவரெங்கும் கொடிகள் பின்னிப் படர்கின்றன. பின்னாளில் கோயில் இடிந்தபோதும் இந்த வடக்குச் சுவரின் கீழ்ப்பகுதி விழாமல் தப்பியது. பழைய சிற்பிகள் நினைத்தது இங்கேதான் குலையாமல் தெரிகிறது.

1460களில் கோயிலின் மேற்பகுதி இடிந்தது. மாஸ்கோ இளவரசர் மூன்றாம் இவானின் ஆணைப்படி 1471இல் வசீலி எர்மோலின் அதைத் திரும்பக் கட்டினார். முன்பிருந்தபடியே கட்டினார் என்று நாளாகமம் எழுதி வைத்திருக்கிறது. சுவரைப் பார்க்கும் எவராலும் அதை ஏற்க முடியாது. உயர்ந்து நின்ற கோயில் குட்டையாகிவிட்டது. ஒரே காட்சிக்குரிய உருவங்கள் வெவ்வேறு சுவர்களுக்குச் சிதறிவிட்டன. தீர்க்கதரிசிகளின் முகங்களும் சிங்கங்களும் ஒரு யானையும் கைக்குக் கிடைத்த வரிசையில் பதிக்கப்பட்டுள்ளன. எர்மோலினே கற்சிற்பி, மாஸ்கோ கிரெம்ளின் கோபுரத்துக்குப் புனித ஜார்ஜைச் செதுக்கியவர். அவர் கையாலேயே இது நடந்ததுதான் வேதனை.

ஆய்வாளர் கியோர்கி வாக்னர் கற்களின் மேல் ஓடும் கொடிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, சிதறிய காட்சிகள் பலவற்றைத் தாளில் மீட்டு 1964இல் நூலாக வெளியிட்டார். கோயிலின் பழைய உயரமும் மேற்பகுதியின் வடிவமும் பற்றி அறிஞர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. சுவரில் இடம்பெறாத செதுக்கிய கற்கள் கோயிலுக்குள் வைக்கப்பட்டுள்ளன. சிலுவையில் அறையப்பட்ட இயேசுவைக் காட்டும் ஸ்வியாதஸ்லாவின் கற்சிலுவையும் அங்கேயே இருக்கிறது.