ஈய லம்பத்தில் எழுந்த காடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் முன்னதாகவே எழுந்து கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறினால், பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய சென்ட்ரல் நிலையம் வழியே கெப்போங் போய் இறங்கலாம். அங்கிருந்து டாக்சியில் சிறிது தூரம்தான். மலேசிய வனவியல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் வந்துவிடும். ‘பிரிம்’ என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும்.

உள்ளே 1,300 ஏக்கருக்கு மேல் காடு. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். பட்டணத்துக்கு இத்தனை அருகில் இப்படி ஓர் ஆதிகாடு தப்பியிருக்கிறதே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இது தப்பிப் பிழைத்த காடு அல்ல, நட்டு வளர்த்த காடு!

1926ஆம் ஆண்டு இந்த இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? ஈயம் தோண்டி எடுத்துவிட்டுப் போட்டுவிட்டுப் போன லம்பக் குழிகள், லாலான் புல், சில காய்கறித் தோட்டங்கள். நிழலுக்கு ஒதுங்க மரம் அரிது. வன இலாகாவுக்குத் தனியாக ஓர் ஆராய்ச்சிப் பிரிவு அமைக்கும்படி தலைமை வனக் காப்பாளர் கியூபிட் கேட்டுக்கொண்டபோது, டாக்டர் பாக்ஸ்வொர்தி என்ற தாவரவியலார் தேர்ந்தெடுத்தது இந்தச் செத்த மண்ணைத்தான். செழிப்பான காட்டைக் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்களா என்ன? 1929இல் நிலையம் உருவாயிற்று.

காட்டு மரம் நடுவது எளிதல்ல. மெராந்தி, கப்பூர் முதலான பெருமரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. பல வருடங்களுக்கு ஒருமுறை ஒரே சமயத்தில் காய்த்துக் கொட்டும். அந்த விதையை நெல் மாதிரிக் குதிரில் போட்டு வைக்கவும் முடியாது, சில வாரங்களில் உயிர் போய்விடும். நம்மவர்களுக்கு இது புதிதில்லை. ரப்பர்க் கொட்டையும் அதே ஜாதிதானே! முளைத்த கன்றோ இளமையில் வெயில் தாங்காது, நிழல் கேட்கும். மொட்டை நிலத்தில் நிழலுக்கு எங்கே போவது? முதலில் நிழல், பிறகு கன்று என்று பொறுமையாக ஏற்றிக்கொண்டு வந்ததுதான் இந்த வனம்.

என்னோடு என் பெரியம்மாவும் வந்திருந்தார். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். கொஞ்ச நேரம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“ஏன் தம்பி, நட்டதுங்கிற. நட்டிருந்தா நிரையில இல்ல நிக்கணும்?”

பதில் சொல்லத் தெரியாமல் சிரித்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“நாங்க பார்த்த மரத்துல ஒண்ணாச்சும் இருக்கா? பால் குறைஞ்சா வெட்டிச் சாய்ச்சுருவாங்க. இப்ப அங்க மாடி வீடு.”

கப்பூர் மரங்களின் அடியில் அவரை உட்கார வைத்தேன். மேலே பார்த்தால் ஒரு மரத்தின் இலை அடுத்த மரத்தைத் தொடுவதில்லை. ஒவ்வொரு தலைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி, ஏரித்தரை காய்ந்து வெடித்த மாதிரி. வெடிப்புக்குள்ளே வானம். காற்றில் உரசித் தேய்வதால் இப்படியென்று சிலர் சொன்னார்கள். இங்கே ஆராய்ந்த பிரான்சிஸ் எங், உரசிய காயம் காணோம், பக்கத்து மரத்தின் நிழல் பட்டதும் கொழுந்து தானே நின்றுவிடுகிறது என்று 1977இல் எழுதினார். லயத்து வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரரோடு இவ்வளவு நயமாக இருந்திருக்கிறோமா என்று நான் யோசித்தது வேறு கதை.

இந்தக் கப்பூர்தான் பெருமாள் கோயில் தீர்த்தத்தில் மணக்கும் பச்சைக் கற்பூரத்தின் மரம் என்றதும், பெரியம்மா எழுந்துபோய் அடிமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்ராவின் பாருஸ் துறையில் நம் வணிகர்கள் 1088லேயே தமிழில் கல்வெட்டு வைத்துவிட்டார்கள்.

1985இல் இது தனிச் சட்டத்தின்கீழ் இயங்கும் நிறுவனமானது. 2012இல் தேசியப் பாரம்பரியம் என்று அறிவித்தார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காடாயிற்றே, இயற்கைப் பிரிவில்தானே சேர்த்திருப்பார்கள் என்பீர்கள். இல்லை, பண்பாட்டுப் பிரிவில்! கோயில், கோட்டைகளைப் போல இதுவும் மனிதர் கை வேலை என்பதால்.

போகிறவர்கள் தண்ணீரும் நல்ல காலணியும் மறக்க வேண்டாம். மழை பெய்திருந்தால் அட்டை உண்டு. ஆனால் தோட்டத்தில் பிறந்தவருக்கு அட்டை ஒரு பயமா?

திரும்பும்போது பெரியம்மா காய்ந்த கப்பூர்க் காய் ஒன்றைப் பொறுக்கி, அதன் ஐந்து சிறகுகளையும் விரலால் எண்ணினார். முந்தானையில் முடிந்துகொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். குனிந்து மரத்தடியிலேயே வைத்து, காலால் கொஞ்சம் சருகு தள்ளி மூடினார்.

“முளைக்குமா தம்பி?”

“காய்ந்துவிட்டதே, பெரியம்மா.”

“இருக்கட்டும்” என்றார்.