மகரக்கட்டுக்கு முன் வரும் புகழ்

படவேட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஆடித் திருவிழா என்றால் இன்னிசை மேடையும் உண்டு. ஒன்பது பத்து அகவைச் சிறுவன் ஒருவன் ஒலிபெருக்கியின் முன் நின்று உச்சக்குரலில் பாடிவிட்டால் போதும். கைப்பேசிகள் உயரும், சட்டையில் ரூபாய்த் தாள்கள் குத்தப்படும், மறுவாரமே பெரும் பாடகர் ஒருவரின் பெயர் 'குட்டி' என்னும் அடைமொழியோடு அவனுக்கு வந்து சேரும். நாமும் கேட்டு மகிழ்ந்ததுண்டு. எனினும், அவனது பதினான்காம் அகவையைப் பற்றி அக்கூட்டத்தில் எவரும் எண்ணுவதாகத் தெரியவில்லை.

ஆண்பிள்ளைகளுக்குக் குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடிக்கும் பருவத்தில் குரல் உடைகிறது. அதனை நம் முன்னோர் மகரக்கட்டு என்றனர். நேற்றுவரை எளிதாய் எட்டிய மேல்தாயி இன்று எட்டாது; சுருதி நழுவும். பாய்ஸ் கம்பெனி நாடகக் காலத்தில் அச்சத்தோடு உச்சரிக்கப்பட்ட சொல் அது. மகரக்கட்டு வந்த பையனின் தலைமை வேடம் அடுத்தவனுக்குப் போய்விடும். செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா சிறுவயதிலேயே மேடையேறியவர். அவரைக் குரல் கைவிடவில்லை. ஆயுள்தான் கைவிட்டது. 1933இல், 27ஆம் அகவையில், மறைந்தார்.

குரல்தான் உடையும், கருவி உடையாதே என்று கேட்கலாம். புல்லாங்குழல் மேதை டி.ஆர். மகாலிங்கத்தை நினைத்துப் பார்ப்போம். 1926இல் திருவிடைமருதூரில் பிறந்த 'மாலி', ஏழு வயதில் மயிலாப்பூரில் வாசித்துப் பெரியோர்களை வியக்க வைத்தார். வாய்ப்பாட்டின் கமகங்கள் குழலிலும் குழைந்து வரும்படி, விரல் வைக்கும் முறையையும் உதடு பதிக்கும் முறையையுமே மாற்றியமைத்தார். இன்று குழல் வாசிப்போர் பலரும் அவ்வழியினரே. ஆனால் பிற்காலத்தில் அவர் கச்சேரிக்கு வருவாரா என்பதே கேள்வியாயிற்று. தாமதமாக வருவார், சிலபோது இடையிலேயே நிறுத்தி எழுந்துவிடுவார், மதுவும் சேர்ந்துகொண்டது. 1986இல் காலமானார். மேதையின் விசித்திரம் என்று இரசிகர்கள் அதனைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பர். நமக்குச் சிரிப்பு வருவதில்லை. ஏழு வயதிலிருந்து பிறர் கைதட்டலுக்காகவே மேடையேற்றப்பட்ட ஒருவர், மேடைக்கு வரமாட்டேன் என்று சொல்லும் உரிமையைக் காலந்தாழ்த்தியேனும் எடுத்துக்கொண்டாரோ என்றே தோன்றுகிறது. அவரிடம் பயின்ற திருவாரூர் என். ரமணியும் எட்டு வயதில் அரங்கேறியவரே. அவரோ முதுமைவரை ஒழுங்காகக் கச்சேரி செய்து, பலருக்குக் கற்பித்து, 2015இல் மறைந்தார். ஆகவே வயதை மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று.

மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸின் ஆசிரியர் உருத்திரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் வாயால் பாடுவார்; சிறுவன் அதனைத் தந்தியில் தேடிப் பிடிப்பான். 1983இல், பதினான்கு வயதில், பெர்லின் ஜாஸ் விழாவில் ஸ்ரீநிவாஸ் வாசித்துப் பெயர் பெற்றார். 2014இல் 45ஆம் அகவையில் அவர் மறையும்வரை அப்புகழ் அவரது பணிவைக் குலைத்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. தேடிப் பிடித்த அந்த ஆண்டுகளில் அவரைச் சூழ்ந்து நின்றது கூட்டம் அன்று. பாடிக் காட்டிய ஓர் ஆசிரியரே.

நம் பகுதிப் பட்டுத்தறிகளில் புதிதாய்க் கற்பவனை எவரும் ஊர் நடுவே அமர்த்தி நெய்யச் சொல்வதில்லை. முதலில் தார் சுற்றுவான். இழை அறுந்தால் முடிவான். அவன் பிழையை அறிந்தவர் தறிக்காரர் ஒருவரே.

தறி நெய்யும் அன்பர் ஒருவரின் மகன் நன்றாகப் பாடுவான். பன்னிரண்டு வயது. தொலைக்காட்சிப் போட்டித் தேர்வுக்குச் சென்னைக்கு அழைத்துச் செல்லலாமா என்று அவர் நம்மை வினவினார்.

"குரல் உடைந்தபின் இரண்டாண்டு அவனுக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்?" என்று கேட்டோம்.

"அதை யோசிக்கலையே சார்" என்றார்.

சென்னைப் பயணம் நின்றது. இப்போது வாரத்தில் இரு மாலைகள் பையன் ஆரணிக்குப் பேருந்து ஏறிச் செல்கிறான். ஆறு மாதமாயிற்று, இன்னும் சரளி வரிசையைத் தாண்டவில்லை என்று தந்தைக்குச் சற்று மனக்குறைதான்.